படிக்கம் அடித்த அமைச்சர்

ரொம்ப காலத்துக்கு முன்னால், நெட்டாற்றங்கரையில் ஆழியூர் என்ற நாட்டை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. காலையில் ஓர் உத்தரவு போட்டுவிட்டு, சாயங்காலம் "எந்த மடையன் போட்ட உத்தரவு இது?" என்று குதிக்கிற ரகம், அவ்வளவுதான். வாயில் எந்நேரமும் வெற்றிலை, பக்கத்தில் அதைத் துப்ப ஒரு பித்தளைப் படிக்கம். இவனைக் கட்டி மேய்க்கிற வேலை அமைச்சர் வடிவுடையாளின் தலையில் விழுந்திருந்தது.

மழைக்காலம் நெருங்கியபோது அவள் சபையில் எழுந்தாள்.

"மகாராஜா, போன வெள்ளத்தில் செத்தவர்கள் யார் தெரியுமா? குன்றில் ஏறித் தப்பித்தவர்கள்தான். மாட்டை அவிழ்க்கவில்லையே, கிளி கூண்டில் கிடக்கிறதே என்று திரும்பி இறங்கினார்கள். என் தம்பியும் ஒரு கன்றுக்குட்டிக்காகத்தான் போனான். இந்தத் தடவை ஆடு மாடு, நாய் பூனை, அவற்றை வளர்க்கிறவர்கள், எல்லோரையும் முன்கூட்டியே பழக்கிவிடலாம்."

களஞ்சிய அதிகாரி கடம்பராயருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த அமைச்சர் நாற்காலிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "கழுதைக்கு ஒத்திகையா? அடுத்து என்னம்மா, கோழிக்குக் கோலாட்டமா?"

சபையே சிரித்தது. ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பந்தயம்! நினைத்த நாளில் முரசு அடிப்பேன். அடிக்கும்போது ஒரு வெற்றிலை போட்டுக்கொள்வேன். அதை நான் துப்புவதற்குள் ஊரில் இருக்கிற அத்தனை வாலும் நம் அரண்மனை இருக்கிற இந்தக் குன்றின்மேல் நிற்க வேண்டும். நின்றால் நீங்கள் கேட்டதைத் தருகிறேன் அம்மா. நிற்காவிட்டால் யானைக் கொட்டடியில் லத்தி அள்ளப் போங்கள்."

"துப்புவதற்குள்தானே மகாராஜா?"

"துப்புவதற்குள்."

வடிவுடையாள் தெருத்தெருவாகப் போனாள். கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி முடியுங்கள், கழுத்தில் இன்னார் வீட்டு மாடு என்று அடையாளம் கட்டுங்கள், கூண்டுப் பக்கத்தில் ஒரு பை தானியம் தொங்கவிடுங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னாள். "ஆகட்டும் அம்மா" என்றார்கள். ஒருத்தரும் ஒரு முடிச்சைக்கூட மாற்றவில்லை. வெள்ளம் கழுத்துக்கு வந்தால்கூட 'ஆகட்டும்' என்றுதான் சொல்வார்கள் போலிருக்கிறது!

சரி, இந்த மனுஷர்களோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று மாடுகளோடு பேசப் போனாள். தினமும் சாயங்காலம் குன்றின்மேல் தவிடும் புண்ணாக்கும் வைத்தாள். நாய்க்குப் பழைய சோறு, பூனைக்குக் கருவாட்டுத் தலை. வைத்ததும் தெருவுக்கு ஒருத்தி கரண்டியால் பித்தளைக் குடத்தைத் தட்டுவாள். ஏன் பித்தளை? மழையில் தோல் முரசு ஊறிப்போகும் என்று வடிவுடையாளுக்குத் தெரியும்.

சீக்கிரமே 'ணங்' என்று கேட்டதும் மாடுகள் முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தன. பின்னாலேயே சொந்தக்காரர்கள், வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க. முளை அடித்து அடித்துக் கை வலித்ததும் அவர்களே ஓரிழுப்பு முடிச்சுக்கு மாறினார்கள்.

கடம்பராயர் மட்டும் மசியவில்லை. "என் குதிரை தவிட்டுக்கு ஓடாது" என்று இரும்புச் சங்கிலி போட்டுப் பூட்டினார். அதோடு நின்றாரா? மழை பிடித்ததும் அரண்மனை முரசை முற்றத்தில் நனையவிட்டார்.

ராஜா நினைத்த நாள் வந்தது. கொட்டுகிற மழையில் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு முரசை அடித்தான். 'சொத்'. ஓங்கி அடித்தான். 'சொத்'.

"யானைக் கொட்டடி எந்தப் பக்கம் என்று தெரியுமா அம்மா?" என்றார் கடம்பராயர்.

அப்போது ஒரு காவலன் ஓடிவந்தான். "மகாராஜா, மேலணை உடைந்துவிட்டது! தண்ணீர் வருகிறது!"

ராஜாவின் கண் பிதுங்கியது. வாய் நிறைய எச்சில், பேச்சு வரவில்லை. துப்பலாம் என்று குனிந்தால் படிக்கத்தைக் காணோம். வடிவுடையாள் அதைத் தூக்கி, உள்ளே இருந்ததைக் கடம்பராயரின் பட்டு வேட்டியில் கவிழ்த்துவிட்டு, காவலனின் ஈட்டியைப் பிடுங்கிப் படிக்கத்தை அடிக்க உப்பரிகைக்கு ஓடியிருந்தாள்.

ணங்! ணங்! ணங்!

ஒரு தெருவில் குடம் பதில் சொன்னது. அடுத்த தெருவில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஊரே ஒரு பெரிய மணி மாதிரி அதிர்ந்தது. குன்றுப் பாதையில் எருமைகள் கருமேகம் இறங்கி நடப்பதுபோல ஏறின. அவற்றின் முதுகில் கோழிகள். பூனையும் நாயும் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் குழந்தையும் கூண்டும் மூட்டையுமாக ஜனங்கள். உந்தல் இல்லை, கூச்சல் இல்லை. தினமும் வந்த பாதைதானே.

கடைசி ஆடு ஏறிய பிறகு ஆறு வந்தது. தெருக்கள் மறைந்தன, கூரைகள் மறைந்தன. கீழேயிருந்து ஒரு 'அம்மா' என்ற கதறல்கூடக் கேட்கவில்லை. உப்பிய கன்னத்தோடு ராஜா அப்படியே நின்றான். யாரோ வீட்டுப் பூனை ஒன்று அவன் பாதத்தின்மேல் உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, என் குதிரை! பூட்டிவிட்டேனே!" கடம்பராயர் கீழே பாய்ந்தார். வடிவுடையாள் அவர் அங்கவஸ்திரத்தை எட்டிப் பிடித்தாள்.

"இப்படித்தானய்யா என் தம்பியும் ஓடினான். நில்லும்!"

"விடுங்கள், அது செத்துவிடும்!"

"எது செத்துவிடும்?" என்று ஒரு குரல். கடம்பராயரின் மனைவி குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வீட்டுச் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் தெரியாதா உங்களுக்கு? தினமும் நாங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துகொண்டுதான் இருக்கிறோம்." குதிரை எஜமானனைக் கண்டுகொள்ளவே இல்லை. தவிட்டுக்குள் மூக்கை விட்டது. கடம்பராயர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினார்.

ராஜா கை நீட்டினான். வடிவுடையாள் நசுங்கிப்போன படிக்கத்தைக் கொடுத்தாள். துப்பினான்.

"எல்லாம் வந்துவிட்டதா?" என்றான்.

"நீங்கள் துப்புவதற்குள், மகாராஜா."

ராஜா தவிட்டில் மூக்கை விட்டிருந்த குதிரையைத் தட்டிக்கொடுத்தான். பிறகு, "இனிமேல் இந்தத் தவிட்டை வைக்கிற வேலை கடம்பராயருக்கு. உங்களுக்கு என்ன வேண்டும், கேளுங்கள் அம்மா" என்றான்.

வடிவுடையாள் படிக்கத்தை மழைநீரில் கழுவி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு வேறொன்று செய்துகொள்ளுங்கள். இது இனிமேல் ஊருடையது."