இருபத்தேழு நாள் எழும்பாத அட்டைக் கோட்டை

இந்தக் கதையில் ராஜா கிடையாது. கோட்டை மட்டும் உண்டு. அதுவும் மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியில் செய்தது. ஆகவே சாய்ந்து உட்கார்ந்தே கேளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். அப்போது மட்டும் நிமிர்ந்தால் போதும்.

விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் குணாளன் என்று ஒரு கூட்ஸ் ரயில் கார்டு இருந்தான். அவன் மனைவி கோமதி நர்ஸ். மகள் மகிழினிக்கு ஏழு வயது. குணாளன் விடியும்போது வண்டியை விட்டு இறங்கி வந்து தூங்குவான். நாலு மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்துவிட்டு, ஆறு மணிக்கு மறுபடி டியூட்டிக்குக் கிளம்புவான். கோமதி மதியம் போனால் எட்டு மணிக்குத்தான் திரும்புவாள். இடையிலுள்ள இரண்டு மணி நேரம் பக்கத்து வீட்டு ரோசலின் அக்கா வந்து கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுச்சீட்டில்தான்.

பள்ளியில் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போய் வந்த அன்று மகிழினி தனக்கும் ஒரு கோட்டை வேண்டும் என்றாள். அப்பாவும் ஒட்டவேண்டும், அம்மாவும் ஒட்டவேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். குணாளன் மைதாப் பசை காய்ச்சினான். மாலையில் அவளோடு உட்கார்ந்து மதிலும் கோபுரமும் வெட்டி ஒட்டிவிட்டுப் போனான். கோமதி வந்து பார்த்தால் கோபுரம் கழன்று கிடக்கும்.

"அப்பா ஒட்டினது விழுந்துடுச்சும்மா."

கோமதி பிளாஸ்திரி போட்டு நிமிர்த்துவாள். மறுநாள் மாலை குணாளன் வந்து பார்த்தால் அதுவும் கிடக்கும். "அம்மா ஒட்டினது நிக்கலப்பா" என்பாள் மகள்.

சீட்டில் போர் நடந்தது. "முட்டுக் கொடுத்து ஒட்டத் தெரியாதா?" என்று அவள் எழுதினாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று அவன் முணுமுணுத்தான். இரண்டு பேருக்கும் சண்டையை நேரில் போடக்கூட நேரமில்லை.

ஒரு வாரத்தில் முடியவேண்டிய கோட்டை பதினேழாம் நாளும் எழும்பவில்லை. கத்தரியைப் பிடித்தபடியே குணாளனுக்குக் கண் சொருகும். "தூங்காதப்பா" என்று மகள் முழங்கையைக் கிள்ளுவாள். அவன் விழித்துக்கொண்டு இன்னொரு துண்டு வெட்டுவான்.

அன்று அவன் வண்டிக்குக் காட்டும் பச்சை, சிவப்புக் கொடிகளை மறந்துவிட்டுப் போய், கால்மணி நேரத்தில் திரும்பி வந்தான். உள்ளறை ஜன்னல் வழியாகப் பார்த்தவன் அங்கேயே நின்றுவிட்டான். பசை காயுமுன்னே மகிழினி கோபுரத்தை நகத்தால் மெல்ல உரித்துக்கொண்டிருந்தாள். அட்டை கிழியக்கூடாதே என்று ஓரத்தை ஊதிக்கொண்டாள். முகத்தில் குறும்பு துளியும் இல்லை. பாத்திரம் துலக்குகிறவளைப்போலச் சலிப்போடு செய்துகொண்டிருந்தாள்.

குணாளனுக்குப் புரிந்துவிட்டது. கோட்டை எழும்பிவிட்டால் அப்பா படுத்துவிடுவான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டுமா? ரோசலின் அக்காவிடம் கொடிகளை எடுத்துத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு, மகள் கண்ணில் படாமல் போனான். மறுநாள் பசையில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சினான், அவள் நகம் நோகாமல் இருக்கட்டும் என்று. இப்படி இன்னும் பத்து நாள் ஓடிற்று.

ஒருநாள் கோமதி பசைக் கிண்ணத்தில் விரலை விட்டாள். சோறு வடித்த கஞ்சி மாதிரி வழிந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள், அவன் கை தவறிச் செய்கிற காரியமா இது என்று யோசித்தாள். மகளை அருகில் இழுத்துக் கேட்டாள். பெண் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"முடிஞ்சிட்டா அப்பா தூங்கிடுவாரு. நீ போனைப் பாப்ப."

கோமதி சீருடையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். கால் வலித்தது, அதைவிட இது வலித்தது. பிறகு கோணி ஊசியும் சணலும் எடுத்து, மகளை நூல் கோக்கச் சொல்லி, கோபுரத்தை மதிலோடு சேர்த்துத் தைத்தாள். கோட்டை முடிந்தது. பீரோ மேல் ஏற்றி வைத்தாள்.

"இனிமே எதையும் பிய்க்க வேணாம். கோட்டை இருந்தாலும் இல்லாட்டியும் எட்டு மணிக்கு நான் உன்கூட உக்காருவேன். அப்பா நாலு மணிக்கு உக்காருவாரு. இது சத்தியம்."

காலையில் குணாளன் அதைப் பார்த்து, கோமதி செய்த சத்தியத்தையும் கேட்டுவிட்டுப் படுக்கவே இல்லை.

"அடுத்த மாசம் உனக்கு நைட் போட்டா என்ன பண்ணுவ? என் வண்டிய மாத்தினா? நிக்காத வாக்க குடுத்துட்டியே. என் பசையில எல்லாம் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு."

"புள்ள சொன்ன பொய்க்கு நீங்க தண்ணி கலந்து குடுத்திருக்கீங்க" என்றாள் கோமதி.

இப்போது நிமிருங்கள். தெரிந்தும் தெரியாததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தவன் குணாளன். காப்பாற்ற முடியுமா என்று தெரியாமலே சத்தியம் செய்தவள் கோமதி. ஆசைப்பட்டுக் கேட்ட கோட்டையைத் தானே பிய்த்தவள் மகிழினி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: கோமதி. மகிழினியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவளிடம் வேறு வழி இல்லை. குணாளன் அன்பாகத்தான் இருந்தான். ஆனால் அப்பா வேண்டுமென்றால் தினமும் தன் கோட்டையைத் தானே பிய்க்கவேண்டும் என்ற வேலையில் ஒரு குழந்தையைத் தனியே விட்டுவைத்தான். பெற்றவர்களின் நேரத்தைத் தந்திரம் செய்து வாங்குகிற பிள்ளைக்கு, கிடைக்காவிட்டால் வாய்விட்டுக் கேட்க உரிமை இல்லை. வாக்கு வாங்கிய பிள்ளைக்கு உண்டு. அவன் பயந்தபடியே மறுமாதம் கோமதிக்கு நைட் டியூட்டி விழுந்தது. அன்று மகிழினி அம்மாவின் பையைப் பிடுங்கிக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள்: "நீ சத்தியம் பண்ணியிருக்க. எத்தனை மணிக்கு உக்காருவேன்னு இப்பவே சொல்லிட்டுப் போ!"