ரெண்டு பல்லு வாயும் மூணு கடலையும்

ஒரு ஊர்ல ஒரு வாய் இருந்துச்சாம். ஆறு மாசம் முடிஞ்ச வாய், ரெண்டே ரெண்டு பல்லு. சீப்பு, செருப்பு, அப்பாவோட மூக்கு, எது சிக்கினாலும் லபக்! ம் சொல்லுடி.

அந்த வாய்க்கு ஒரு அம்மா. கான்வென்ட்ல படிச்சவ, எந்தக் கடலை எதுக்குன்னு தெரியாது. பேரு வேணாம், அவளுக்கு வெக்கம். வாய் பொறந்த புதுசுல ஒருநாள் பஸ்ல பக்கத்து சீட்டுப் பையன் கடலைமிட்டாய் கடிச்சான். அவ்ளோதான், உதடு பொதபொதன்னு வீங்கி, மூச்சு ஙீஈஈன்னு இழுத்துச்சு. பொழைச்சுட்டான், பயப்படாத. ஆனா அந்த உதடு அவ கண்ணுக்குள்ளயே நின்னுடுச்சு. நம்ம வாயும் இப்படி வீங்கிட்டா?

"அது நீயாம்மா?"

நான் எதுக்குடி அவ்ளோ பயப்படறேன்? கதையைக் கேளு.

ஆறு மாசம் ஆனதும், கடலையே குடுக்காம இருந்துடலாமான்னு கேட்டா. தடுப்பூசி போடற டாக்டரம்மா, வாயோட கன்னம், கை மடிப்பு எல்லாம் பாத்தாங்க. "தோல்ல கரப்பான் நிறைய இருந்தாலோ, முட்டை ஒத்துக்கலைன்னாலோ முதல்ல டெஸ்ட் எடுக்கச் சொல்லுவேன். இவளுக்கு அதெல்லாம் இல்லை. தள்ளிப் போடாதீங்க, தள்ளிப் போட்டாதான் ஒத்துக்காம போற வம்பு. கடலையை வறுத்து மைய அரைச்சு, கஞ்சியில கரைச்சு, கரண்டி நுனியில குடுங்க. உடம்பு நல்லா இருக்கற நாளா, காலைல."

அப்புறம் அப்பா கடைக்கு ஓடினார். வந்துச்சு கடலை. அரைச்சு ஊட்டினாங்க. லபக்! அம்மா ரெண்டு மணி நேரம் ஜெபமாலையை உருட்டினா. ஒண்ணும் ஆகலை. டாக்டரம்மாவுக்கு போனைப் போட்டு, "ஜெயிச்சுட்டோம்!"

"எந்தக் கடலை?"

"பொட்டுக்கடலை."

"அது சட்னிக்கும்மா!"

ரெண்டாவது தடவை அப்பா மானத்தைக் காப்பாத்த மறுபடி ஓடினார். மறுபடி லபக், மறுபடி ஜெபமாலை. இந்தத் தடவை போன்ல கவரைப் படிச்சுக் காட்டினா, கொட்டை எழுத்துல "கடலை மாவு". டாக்டரம்மா சிரிச்ச சிரிப்புல போனே கிடுகிடுத்துச்சு. "அதுல பஜ்ஜி போடுங்க! வேர்க்கடலைம்மா! எங்க விழுப்புரம் பக்கம் மல்லாட்டைன்னுவோம். உங்க ஊருக்காக நாகரிகமா கடலைன்னு சொன்னது என் தப்பு."

"கடைக்காரன்கிட்ட என்னண்ணே கேட்ட?"ன்னு அத்தை ஃபுளோரா.

"பல்லு முளைக்கிற புள்ளைக்குக் கடலைன்னேன். அவனே எடுத்துக் குடுத்தான்."

"உனக்கு யாரு பொண்ணு குடுத்தா?"

மூணாவது தடவை நெஜக் கடலை. வறுபடறப்போ பட் பட், அம்மா நெஞ்சும் பட் பட். அத்தை ஒரு முழுக் கடலையை எடுத்து, "இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"னு வாய்க்கு நேரா நீட்டினா.

அம்மா பாஞ்சு வந்து டப்னு தட்டிவிட்டா! "அஞ்சு வயசு வரைக்கும் முழுசு கூடாது! மூச்சுக்குழல்ல போய் அடைச்சுக்கும்!"

"அம்மாடி! அண்ணிக்குக் கத்தக்கூடத் தெரியுமா?"

அப்புறம் கரண்டி நுனியில கொஞ்சூண்டு. லபக். பத்து நிமிஷம் காத்திருந்தா. உதடு வீங்கலை, தடிப்பு இல்லை, வாந்தி இல்லை. மிச்சக் கஞ்சியையும் ஊட்டினா. மூச்சு இழுத்தா உடனே 108ன்னு போனைக் கையிலயே புடிச்சுக்கிட்டு, கண்ணு இமைக்காம உக்காந்தா.

ஹச்!

"சேசுவே!"

"தும்மல் அண்ணி. நீ அப்பின பவுடர்."

டர்ர்ர்ர்...

"ஐயோ, மூச்சா?"

"மூச்சுதான். வேற வழியா வருது."

சிரிக்காத, தூக்கம் போயிடும். அப்போ வெளியில போயிருந்த அப்பா உள்ள வந்தார். வந்ததும் அலறினார். "வீங்கிருச்சு! கண்ணு, மூக்கு, உதடு, எல்லாம் வீங்கிருச்சு! ஆம்புலன்ஸைக் கூப்பிடு!"

"சும்மா கத்தாதண்ணே"ன்னா அத்தை. "அது அண்ணி மூஞ்சி. ரெண்டு மணி நேரமா அழுதிருக்கா. புள்ளையைப் பாரு."

பாத்தா, அந்த ரெண்டு பல்லு வாய் கிண்ணத்தைக் கவுத்துப் போட்டு, கேக்குது: ஆ... ஆ...

அம்மா மூக்கை உறிஞ்சினா. "இன்னைக்கு இவ்ளோதான். வாராவாரம் விடாம குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க, திங்கத்தானே போற"ன்னா. அத்தை முந்தானையை நீட்டினா. அதுல மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, ஆறு மாசத்துல முதல் தடவையா அவ வயிறார சோறு தின்னா.

கதை செரிச்சாச்சு, கண்ணை மூடுடி.