குழல் வாயின் மரை

கோவையிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் ஒரு ரைபிள் கிளப் இருக்கிறது. அங்கே துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர் அமரஜோதி. வயது நாற்பதுக்குள். அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்திருந்தவர் நாச்சிமுத்து. அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து பம்ப்செட் பட்டறை வைத்து நடத்தியவர். பட்டறையை மகன் எடுத்துக்கொண்டபின் அங்கே அவர் பேச்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று. யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. புதிதாக ஒரு தொழில் கற்றால் என்ன என்று கிளப் வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு லேத்து வேலை அத்துப்படிங்க அம்மணி. துப்பாக்கிதான் புதுசு" என்றார்.

"வாங்ணா" என்றார் அமரஜோதி.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நூர்ஜஹான் வந்தாள். ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. குழந்தை பிறந்தபின் துப்பாக்கியைத் தொடாமல் இருந்தவள், இப்போதுதான் மறுபடி சுட ஆரம்பித்திருந்தாள். காலமாகிவிட்ட ஒரு துப்பாக்கிச் சுடும் வீரரின் பழைய ரைபிள் அவள் கைக்கு வந்திருந்தது. வெளிநாட்டில் செய்தது. குழலின் வாயில் மரை வெட்டியிருந்தது. முன்பார்வைக் குறியைத் தாங்கும் நீட்டுக்குழாயை அந்த மரையில்தான் திருக வேண்டும். அந்தக் குழாய் எங்கோ தொலைந்துபோயிருந்தது.

"ஞாயித்துக்கிழமை மாநில அணித் தேர்வு இருக்குதுக்கா. இதை விட்டா அடுத்த வருசம் எனக்கு லீவு தருவாங்களான்னே தெரியல" என்றாள்.

அமரஜோதி ரைபிளை வாங்கினார். தாழ்க்கட்டையைக் கழற்றி எடுத்தார். குழலின் தோட்டா அறை காலிதான் என்று வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"மரை என்ன அளவுன்னு பாருங்ணா. அளவு தெரிஞ்சா குழாயை இங்கேயே கடைஞ்சிரலாம்."

நாச்சிமுத்து கட்டைவிரலை மரையின்மேல் ஒருமுறை ஓட்டினார்.

"பதிமூணு மில்லி. ஒரு மில்லி பிட்ச்."

நூர்ஜஹானின் முகம் தெளிந்தது. அவளுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. கிளம்பினாள்.

"வெர்னியர் வச்சுப் பாருங்ணா" என்றார் அமரஜோதி.

வைத்தார். குறுக்களவு பன்னிரண்டு புள்ளி ஏழு மில்லி என்று காட்டியது.

"பழைய துப்பாக்கிங்களே அம்மணி. தேஞ்சிருக்குது."

பிட்ச் கேஜை எடுத்தார். மரை மேடுகளின் இடைவெளியை, அதாவது பிட்ச்சை, அளக்க சீப்புப் பல் போல வெட்டிய தகடுகள் கொண்ட கருவி அது. ஒரு மில்லி தகட்டைப் பிரித்து மரையின் நுனியில் வைத்தார். மூன்று பல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

"பார்த்தீங்களா" என்றார்.

"முதல்ல ஒரு வளையம் கடைஞ்சு போட்டுப் பாருங்ணா" என்றார் அமரஜோதி.

நாச்சிமுத்து லேத்தைப் போட்டார். அதே அளவில் ஓர் இரும்பு வளையம் கடைந்தார். பட்டறையை விட்டபின் இவ்வளவு சந்தோஷமாக அவர் வேலை பார்த்ததில்லை. வளையத்தைத் துடைத்து ரைபிளின் வாயில் வைத்துத் திருகினார். ஏறியது. லேசாக ஆடியது.

"தேஞ்சதுனால ஆடுது."

இரண்டு சுற்று போனது. அப்புறம் இறுகியது.

"உள்ள அழுக்கு" என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார்.

அமரஜோதி தன் உள்ளங்கையை வளையத்தின்மேல் வைத்து மறைத்தார்.

"வேண்டாங்ணா."

"அழுக்குதாங்க அம்மணி. கால் சுத்து குடுத்தாப் போயிரும்."

"போயிரும். எது போகும்னுதான் தெரியல."

நாச்சிமுத்துவுக்கு முகம் கறுத்தது. "எத்தனையோ ஆயிரம் மரை வெட்டின கைங்க இது."

"தெரியுங்ணா. அந்தக் கையாலயே மெல்லத் திருப்பி எடுங்க."

எடுத்தார். அமரஜோதி உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து மரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் எஃகு பளிச்சென்று தெரிந்தது. பிசிறு எழவில்லை, மரை கெடவில்லை. அவர் மூச்சு விட்ட சத்தம் நாச்சிமுத்துவுக்குக் கேட்டது. ஸ்பேனரை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தார் நாச்சிமுத்து.

"இப்ப என்னங்க பண்றது?"

"மறுபடியும் பாருங்க. ஆனா என்ன அளவுன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். எது இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அமரஜோதி சுடும் திடலுக்குப் போய்விட்டார். அங்கே பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

நாச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். போனால் மகன் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டான். நாற்காலியை இழுத்துப் போடுவான்.

எழுந்து பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்தார். பள்ளம் பள்ளமாக மரையைத் தேய்த்தார். துணியால் துடைத்தார். துணியில் அழுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

ரைபிளை ஜன்னலோரம் கொண்டுபோய் ஒரு பஞ்சுத் திண்டில் சாய்த்தார். ஒரு மில்லி தகட்டை இந்த முறை மரையின் முழு நீளத்துக்கும் வைத்தார். கண்ணை மரை மட்டத்துக்கு இறக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். முதல் மூன்று பல்லில் வெளிச்சம் இல்லை. நான்காவதில் மயிரிழை போல ஒரு கீற்று. அடுத்ததில் அது தடித்தது. அதற்கும் அப்பால் தகட்டின் பல் பள்ளத்தில் இறங்காமல் மேட்டின்மேல் ஏறி நின்றது.

தகட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார். அப்போதும் அப்படித்தான் இருந்தது.

அதன்பின் அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தகடாக வைத்தார். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் கசிந்தது. மில்லி தகடுகள் தீர்ந்தன. இஞ்ச் தகடுகளைப் பிரித்தார். இருபத்தெட்டு என்று பொறித்த தகடு வந்தபோது, இவ்வளவு பெரிய வாய்க்கு இத்தனை நெருக்கமாக யார் மரை வெட்டுவார்கள் என்று தள்ளிவிடப் போனார். கை பாதியில் நின்றது. வைத்துப் பார்த்தார்.

இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இருட்டாக இருந்தது. எங்கேயும் வெளிச்சம் இல்லை.

அமரஜோதி திரும்பி வந்தபோது நாச்சிமுத்து கருவிகளைத் துடைத்து வைத்திருந்தார்.

"எதுங்ணா இல்ல?"

"ஒரு மில்லி இல்லீங்க. முக்கால் மில்லி இல்ல. ஒண்ணே கால் இல்ல. இடப்பக்கம் திருகுற மரையும் இல்ல." மரையைத் துணியால் ஒருமுறை துடைத்தார். "தேஞ்சும் இல்லீங்க அம்மணி. புதுசு மாதிரி இருக்குது."

அமரஜோதி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லுங்க."

"அந்தப் பன்னெண்டு புள்ளி ஏழு மில்லிதான் அரை இஞ்ச். இஞ்சுக்கு இருபத்தெட்டு மரை."

"சரி, வளையம் கடைங்க."

கடைந்தார். இந்த முறை ஸ்பேனர் தேவைப்படவில்லை. இரண்டு விரலால் சுற்றச் சுற்ற, வளையம் ஆடாமல் அசையாமல் அடிவரை போய் உட்கார்ந்தது.

மறுநாள் சாயங்காலத்துக்குள் நீட்டுக்குழாய் தயாராகிவிட்டது. அமரஜோதி மெல்லிய நேர்க்கம்பி ஒன்றைக் குழலுக்குள் விட்டார். அது நீட்டுக்குழாயின் நட்ட நடுவில் வந்து எட்டிப் பார்த்தது. எந்தப் பக்கமும் உரசவில்லை. கோணலாக இருந்தால் குண்டு குழாயின் சுவரில் பட்டிருக்கும்.

நூர்ஜஹான் வந்து படுத்துச் சுட்டாள். அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

"முதல்லயே சரியாச் சொல்லிட்டீங்க சார்" என்றாள் நாச்சிமுத்துவிடம்.

"இல்லைம்மா. முதல்ல தப்பாத்தான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உன் மரையையே கெடுத்திருப்பேன்."

அவள் அமரஜோதியைப் பார்த்தாள். அமரஜோதி அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வில் நூர்ஜஹானுக்கு இடம் கிடைத்தது. கடைசி இடம்தான். ஆனாலும் இடம்.

செய்தி வந்த அன்று அறையில் இருவர் மட்டுமே இருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா அம்மணி?"

"கேளுங்ணா."

"அன்னைக்கு அது அரை இஞ்ச்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"தெரியாது. அந்த மாதிரி ரைபிள் இங்க வந்ததில்ல."

"அப்புறம் நான் தப்புன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அமரஜோதி கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார்.

"வெர்னியர் கம்மியாக் காட்டுச்சு. தேஞ்சிருச்சுன்னீங்க. வளையம் ஆடுச்சு. அதுக்கும் தேஞ்சிருச்சுன்னீங்க. இறுகுச்சு. அழுக்குன்னீங்க."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த மரை ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுதாங்ணா இருந்துச்சு. நீங்க பதில் சொல்லிட்டே இருந்தீங்க."