எந்தப் படம் மாதிரி?

இயக்குநர் பாக்கியநாதன் ஒரே ஒரு படம் எடுத்தவர். அது ஓடவில்லை. அதற்குப் பிறகு பதினான்கு வருடமாக ஒரே ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரசு மருத்துவமனையில் லிஃப்ட் இயக்கும் பெண்ணின் கதை. நட்சத்திரம் கிடையாது, பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. இறந்தவரின் வீட்டார் லிஃப்டில் ஏறினால் அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள், அவர்கள் அழட்டும் என்று. பாக்கியநாதனின் மனைவி எலிசபெத் நிஜமாகவே அப்படிச் செய்தவள். அவளுடைய லிஃப்ட் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

பணம் கேட்டுப் போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்விதான். "எந்தப் படம் மாதிரி வரும் சார்?"

"எந்தப் படம் மாதிரியும் இல்ல" என்பார். டீ வரும். குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

அப்போதெல்லாம் பக்கத்தில் அவருடைய உதவி இயக்குநர் குணாளன் உட்கார்ந்திருப்பான். இயக்குநர் கதை சொல்லும்போது உதவியாளர் சரியான இடத்தில் சிரிக்க வேண்டும், சரியான இடத்தில் கண் கலங்க வேண்டும். எது நல்ல இடம் என்று தயாரிப்பாளருக்குத் தெரிய வேண்டுமல்லவா? குணாளன் நன்றாகக் கலங்குவான். எலிசபெத் கையால் சாப்பிட்டவன், கலங்காமல் என்ன செய்வான்.

ஏழு வருடம் கலங்கினான். பிறகு தனியாகப் போய் ஒரு படம் எடுத்தான். மருத்துவமனையை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றினான். ஒரு கொலையைச் சேர்த்தான். லிஃப்டையும் அந்தப் பெண்ணையும் சுவரையும் அப்படியே வைத்துக்கொண்டான். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. சினிமாக்காரர்கள் குடியிருக்கும் சாலிகிராமத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஓடுகிற படத்தைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்?

மூன்று வருடம் கழித்து ஒரு நாள் காலையில் குணாளன் குருவின் வீட்டுக்கு வந்தான்.

"வாங்க, உக்காருங்க" என்றார் பாக்கியநாதன்.

"என்ன சார், என்னைப் போய் வாங்கங்கறீங்க. வாடான்னு கூப்பிடுங்க."

அவர் மின்விசிறியைப் போட்டார். சுவரில் எலிசபெத்தின் போட்டோ மாட்டியிருந்தது. அவள் போய் ஒன்றரை வருடமாகிறது. குணாளன் அது கண்ணில் படாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான்.

"சார், ஒரு சந்தேகம். உங்களைத் தவிர யார்கிட்டயும் கேக்க முடியாது."

"சொல்லுங்க."

"ஒரு கதை வெச்சிருக்கேன். முழுக்க முழுக்க என்னோடது. எங்கப்பாவோட கதை. சின்னப் படம்தான். ஒருத்தரும் பணம் போட மாட்டேங்கறாங்க. 'அந்த லிஃப்ட் படம் மாதிரியே இன்னொண்ணு பண்ணுங்க'ங்கறாங்க. சொந்தமா ஒண்ணு சொன்னா ஏன் சார் யாருக்கும் காதுலயே விழ மாட்டேங்குது? நான் என்ன பண்றது?"

வெட்கமில்லாத கேள்வி. ஆனாலும் அவன் கண் கலங்கியிருந்தது. இந்த முறை அது நடிப்பில்லை.

"போன வாரம் நானும் ஒரு இடத்துல கதை சொன்னேன்" என்றார் பாக்கியநாதன்.

"எந்தக் கதை சார்?"

"என்கிட்ட வேற என்ன இருக்கு?"

குணாளன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தனியாத்தான் போனேன். தயாரிப்பாளர் சின்ன வயசு. பாதியிலேயே நிமிர்ந்து உக்காந்துட்டார். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் என் கதையை அப்படிக் கேட்டதில்ல. அந்தப் பொண்ணு சுவரைப் பாத்துத் திரும்பிக்கிறான்னு சொன்னேன். கையைத் தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. எலிசபெத் இருந்து பாத்திருக்கணும்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"'சூப்பர் சார், அப்படியே குணாளன் படம் மாதிரி இருக்கு'ன்னார்."

குணாளன் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

"அது மாதிரிதான் தேடிக்கிட்டிருக்காராம். பணம் போடறேன்னுட்டார். ஒரே ஒரு விஷயம். சுவர்க் காட்சியை குணாளன் படத்துலேருந்து எடுத்திருக்கீங்க, நாளைக்கு கேஸ் கீஸ்னு வந்துடப் போகுது, அவருக்கு ஆட்சேபனை இல்லேன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடுங்கன்னார்."

"அது உங்க கதைன்னு சொல்லலையா சார்? நான்தான் உங்ககிட்டேருந்து எடுத்தேன்னு சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா எந்திரிச்சு வந்திருக்கணும். எனக்கு அறுபத்து மூணு வயசாகுது."

அவர் உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். டைப் அடித்து வைத்திருந்தார். அதை அவன் முன்னால் வைத்து, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.

"உங்க ஆபீசுக்கு நானே வர்றதா இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க."

குணாளன் பேனாவைப் பிடித்தான். கையெழுத்துப் போட முடியவில்லை.

"அவர்கிட்ட நீங்க என்னதான் சார் சொன்னீங்க?"

"'குணாளன் சார்கிட்டதான் நான் தொழில் கத்துக்கிட்டேன், கேட்டாக் குடுத்துடுவார்'னு சொன்னேன். கீழ தேதியும் போட்டுடுங்க."