வில்லை குத்திய காது

இருளாயியின் ஆட்டுக் கிடைக்கு அந்த ஒரு நாய்தான் காவல். அதன் இடது காதில் இரத்தம் கட்டிப் பணியாரம்போல் வீங்கிவிட்டது. அறுத்துச் சரிசெய்ய எட்டாயிரம் ஆகும் என்றார் மருத்துவர். ஆடுகளோடு சேர்த்து நாய்க்கும் காப்பீடு எடுத்திருந்ததால், காதைத் துணியால் கட்டி அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள்.

மேலாளர் மருத்துவச் சீட்டைத் தள்ளிவிட்டார். "பழைய சொறியில் தலையை உதறி உதறி வந்த வீக்கம் இது. காப்பீட்டுக்கு முன்பே இருந்த நோய். பணம் கிடையாது, போம்மா."

"காப்பீடு எடுக்கையில நீங்க காதைப் பாக்கலையா, ஐயா?"

"பார்க்காமலா? அடையாள வில்லை குத்தும் முன் நானே காதைத் திருப்பிப் பார்ப்பேன். சீக்குக் காதில் குத்தினால் என் வேலை போய்விடும்."

"இதுக்கும் நீங்கதான் குத்துனீங்க."

"ஆமாம். நல்ல காதில்தான் குத்தினேன்!"

இருளாயி துணியை அவிழ்த்தாள். வீங்கிய காதின் ஓரத்தில் நிறுவனத்தின் மஞ்சள் வில்லை தொங்கியது. மற்ற காதில் ஒரு துளைகூட இல்லை.

"அப்ப சீக்கு எப்ப வந்துச்சுன்னு நீங்களே எழுதுங்கய்யா."

வரிசையில் நின்றவர்கள் மேலாளரையே பார்த்தார்கள். அவர் தள்ளிவிட்ட சீட்டைத் திரும்ப இழுத்துப் பேனாவைத் திறந்தார். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை, நாய் தலையை உதறிவிடாமல் இருளாயி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.