ஒட்டுப்போர்வைக்குள் வெந்த சோறு

திருப்பூரில் முப்பத்திரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த நாச்சிமுத்து பொய் சொல்கிறவர் இல்லை. உள்ளதைக் கொஞ்சம் அகலப்படுத்திச் சொல்வார், அவ்வளவுதான். அன்றைக்கு மரகதம் மெஸ்ஸில் நின்றுகொண்டு கொஞ்சம் அளவுக்கு மீறி அகலப்படுத்திவிட்டார். அதனால் வந்த வினைதான் இது.

வேலையை விட்டு நின்ற மாதமே மனுஷன் காலால் மிதிக்கும் தையல் மிஷின் ஒன்று வாங்கிப் போட்டார். கட்டிங் மாஸ்டரின் வேலை வெட்டுவது. வெட்டிய துணி அப்புறம் என்ன ஆயிற்று என்று பார்க்க அவருக்கு ஒருநாளும் நேரம் கிடைத்ததில்லை. ஆயுசெல்லாம் வெட்டிக்கொண்டே இருந்தவருக்கு, இனி ஒட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. அந்த ஆசை நிஜம், அதில் புளுகு ஒரு துளி கிடையாது. கம்பெனியில் மிஞ்சும் துண்டுத் துணிகளை மூட்டையாகக் கொண்டுவந்து, கட்டம் கட்டமாக இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, மேலே வரிசை வரிசையாகத் தையல் ஓட்டி ஒட்டுப்போர்வை செய்வார். வீட்டில் பதினொரு போர்வை சேர்ந்துவிட்டது. திருப்பூர் வெயிலுக்கு அதில் ஒன்றைக்கூட யாரும் போர்த்தியதில்லை.

சிக்கல் சமையலில் வந்தது. அவர் மனைவி துளசிமணி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வருவார். வீட்டுச் சமையல் நாச்சிமுத்துவின் பொறுப்பு என்று பேச்சு. "இன்னும் ஒரே ஒரு வரிசை" என்று தைக்க உட்கார்ந்து, ஒரே மாதத்தில் ஆறு நாள் அடுப்பில் இருந்ததைத் தீய்த்துவிட்டார். முந்தின நாள்தான் துளசிமணி சொல்லியிருந்தார்: "இன்னொரு நாளைக்குத் தீஞ்ச வாசம் வந்துச்சுன்னா, மிஷினு பல்லடத்துல என்ற தங்கச்சி வீட்டுக்குப் போயிரும்." துளசிமணி எதையும் இரண்டாம் தடவை சொல்கிற ரகமில்லை.

அன்றைக்கு நாச்சிமுத்து நிஜமாகவே ஜாக்கிரதையாக இருந்தார். பருப்பைக் குக்கரில் போட்டார். மூன்று விசில் வந்ததும் எழுந்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் துணியை விரித்தார். ஃபேன் காற்றில் துணி மடங்கியது. கம்பெனியில் துணி நகராமல் இருக்க மேலே இரும்புக் கட்டி வைப்பார்கள். பழக்க தோஷம், கைக்கு எட்டியதை எடுத்து மூலையில் வைத்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தார். விசிலே வரவில்லை. "சரி, இன்னும் வேகலையாட்ட இருக்குது" என்று சந்தோஷமாக இன்னொரு வரிசை ஓட்டினார். பிறகு இன்னொன்று. தீய்ந்த புகை மூக்கில் ஏறியபோதுதான் கவனித்தார். குக்கர் வெயிட் குக்கரின் மேல் இல்லை, துணியின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துவிட்டு, டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு மெஸ்ஸுக்கு ஓடிவந்தார். மணி பன்னிரண்டரை. சாம்பார் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"பத்து நிமிஷம் இருங்க மாஸ்டர்" என்றார் மெஸ்காரம்மா மரகதம்.

அந்தப் பத்து நிமிஷம்தான் அவரைக் கெடுத்தது. முன்னால் நின்ற பஸ் கண்டக்டர் குழந்தைவேலு திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க மாஸ்டர், வீட்டுல சமையலு நீங்கதான்னு சொன்னீங்களே? கேரியரு எதுக்குங்க?"

பருப்பு தீய்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் நாச்சிமுத்துவின் நாக்கு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"சமையல் முடிஞ்சு மூணு மணி நேரமாச்சு கண்ணு. மத்தவங்க சமையலு எந்த நெலமைல இருக்குதுன்னு அப்பப்பப் பார்த்துக்கோணுமில்ல? அதுக்குத்தான் வந்தேன்."

"தையலும் போட்டுட்டுச் சமையலுமா?"

"அதென்ன பெரிய விஷயம்? நூத்தியம்பது கத்திரிக்காய, கம்பெனில துணிய ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கறாப்புல, அட்டி போட்டு அடுக்குவேன். மேல சாக்பீஸ்ல கோடு. ஒரே வெட்டு! துண்டு அத்தனையும் ஒரே எடை. தராசுக்காரனே வந்து பார்த்துட்டு, தன்ற தராசுதான் தப்புன்னு ஒத்துக்கிட்டுப் போனான்."

"நீங்க ரெண்டே பேரு. நூத்தியம்பது கத்திரிக்காய் எதுக்குங்க?" என்றார் மரகதம் கரண்டியோடு.

"கைப்பழக்கம்மா. அதுக்குக் கீழ என்ற கத்தி எறங்காது." அந்தக் கேள்வியை அப்படியே தாண்டிப் போனார். "மிஷின் பெல்ட்ட கிரைண்டரோட மாட்டிட்டேன். நான் ஒரு வரிசை மிதிச்சா ஒரு படி மாவு. மிதிக்கிற வேகத்துல மாவு அங்கயே பொங்கி, ஆவியும் வந்து, தட்டுல இட்லியா விழுந்துரும்."

குழந்தைவேலு சிரித்தார். "தோசை மட்டும் சுடமாட்டீங்களா?"

"தோசையா? ஒருநாள் தோசை கிழிஞ்சு போச்சு. விட மனசு வருமா? சேமியாவ ஊசில கோத்துத் தைச்சேன். அப்பறம் பார்த்தா ருசி பிடிச்சுப் போச்சு. தோசைத் துண்டு, சப்பாத்தித் துண்டு, அடைத் துண்டு எல்லாத்தையும் கட்டம் கட்டமா இணைச்சு, நடுவுல பஞ்சுக்குப் பதிலா உப்புமா வெச்சு, ஒம்பது அடிக்கு ஒரு போர்வை. கம்பெனிக்கு வந்த ஜெர்மன்காரன் அதப் போத்திட்டுத் தூங்கினான். காலைல பார்த்தா போர்வையக் காணோம், அவன் வயிறு மட்டும் இருக்குது."

இப்போது மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டார்கள். நாச்சிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பன்னிரண்டு ஐம்பது ஆனதைக்கூட அவர் பார்க்கவில்லை.

"அதெல்லாம் சாதாரணம். இப்ப ஒண்ணு செஞ்சிருக்கறேன், அதுதான் போர்வை. அரிசியும் தண்ணியும் பாத்திரத்துல போட்டு உள்ள வெச்சு மூடினா, தீயே வேண்டாம். அரை மணில சோறு, பொலபொலன்னு. எங்க வீட்டுல சிலிண்டர் வாங்கறதே இல்லைன்னு கேஸ்காரன் வாசல்ல வந்து அழுதான்னா பார்த்துக்கங்க. ஒருக்கா அந்தப் போர்வைய ஊட்டில இருக்கற சிநேகிதனுக்குக் குடுத்துவிட்டேன். அங்க ஒரு வாரத்துக்குக் குளுரே இல்லை. ஊட்டிக்காரங்க எல்லாம் சூடு தாங்காம எறங்கி வந்து மேட்டுப்பாளையத்துல மரத்தடில உக்காந்திருந்தாங்க. கலெக்டரே போன் பண்ணி, திருப்பி எடுத்துக்குங்கன்னு கேட்டுக்கிட்டாரு."

மரகதத்தின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் பார்வை நாச்சிமுத்துவின் தோளுக்குப் பின்னால் போயிற்று. ஆச்சரியத்தில் மெஸ்காரம்மா மலைத்துவிட்டார் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார்.

"எல்லாஞ் சரிங்க," குழந்தைவேலு தலையைச் சொறிந்தார். "மிஷின் ஓடற சத்தத்துல குக்கர் விசில் சத்தம் உங்க காதுல எப்படிங்க விழுகும்?"

கேள்வி தைக்க வேண்டிய இடத்தில் தைத்தது. ஆனாலும் நாச்சிமுத்து விட்டுக்கொடுக்கவில்லை.

"மிஷினா? அதத் தொட்டு ஆறு மாசமாச்சு! அது எனக்கெதுக்கு? ஊசில நூலக் கோத்துத் துணிமேல வெச்சுட்டு, 'இத்தனை வரிசை'ன்னு சொல்லிட்டா அதுபாட்டுக்குத் தைச்சுட்டே போகும். நான் அடுப்படிய விட்டு நகர்றதே இல்ல. மிஷினு சும்மா எடத்த அடைச்சுட்டுக் கெடக்குது."

"ஓ, அப்படியா சங்கதி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

துளசிமணி நின்றிருந்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பாதி நேரம்தான். சீக்கிரம் வீட்டுக்குப் போய், கரிந்த குக்கரைப் பார்த்துவிட்டு, கேரியரையும் காணாமல் நேராக இங்கே வந்து, சோறு வேகும் போர்வைக் கதையிலிருந்து பின்னால் நின்று கேட்டிருக்கிறார். முகத்தில் கோபமே இல்லை. அது நல்லதுக்கில்லை என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.

"மிஷினத் தங்கச்சிக்குக் குடுத்தா உங்க மனசு ஒடைஞ்சு போயிருமேன்னு எனக்கு ஒரே வெசனமா இருந்துச்சுங்க" என்றார் துளசிமணி. "ஊசி தானாத் தைக்குதுன்னா அப்பறம் என்ன?" கையில் போனை எடுத்தார். பிறகு மனைவிதானே, மனம் இளகி நிறுத்தினார். "இல்ல, இத்தனை நேரம் சொன்னது அத்தனையும் புளுகுன்னு இவங்க முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. மிஷின் நம்ம வீட்டுலயே இருக்கட்டும். தீஞ்ச பருப்பையும் நான் மறந்தர்றேன்."

நாச்சிமுத்து குழந்தைவேலுவைப் பார்த்தார். மரகதத்தைப் பார்த்தார். பாதி முடிந்து மிஷினில் மாட்டியிருக்கும் பன்னிரண்டாவது போர்வையை நினைத்தார். நினைக்கவே நெஞ்சு வலித்தது. ஒரே வார்த்தைதான். அதற்காக வாயையும் திறந்தார்.

"புளுகா? துளசி, என்னைப் பார்த்தா கேக்கற? பொறந்ததுலருந்து இந்த வாயில ஒரு பொய் வந்ததில்ல!"

"இன்னைக்குச் சொன்னதுலயே இதுதாங்க பெருசு" என்றார் குழந்தைவேலு.

துளசிமணி போனைக் காதில் வைத்தார். "தங்கச்சி, சாயங்காலம் ஆட்டோ எடுத்துட்டு வந்துரு." பிறகு கணவர் கையிலிருந்த டிபன் கேரியரை வாங்கி மரகதத்திடம் நீட்டினார்.

"ஒரு சாப்பாடு மட்டும் கட்டு மரகதம், எனக்கு. அவருக்கு வீட்டுல அரிசி இருக்குது, போர்வையும் இருக்குது."