கோடாங்கியைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போன கதை

தருமபுரியிலிருந்து சேலம் போகிற சாலையில், லாரிக்காரர்கள் டீ குடிக்க நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒரு பொறியியல் கல்லூரி இருந்தது. அங்கே எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம் படித்த மூன்று பேரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஒருத்தன் இளம்பரிதி. ஸ்க்ரூடிரைவர் அவனிடம் இருந்ததால் அவன்தான் தலைவன். அடுத்தவன் மாதையன். அவனுக்கு எதிலும் சந்தேகம் வரும். மூன்றாமவன் ஜெபஸ்டின், தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். மாதையனுக்கு வருகிற சந்தேகத்தைத் தீர்த்து வைப்பது அவன் வேலை. மூன்று பேரும் தங்கமான பிள்ளைகள். பெரியவர்கள் சொன்னதை அப்படியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே தொந்தரவு அதுதான்.

அவர்கள் ஒரு வண்டி செய்திருந்தார்கள். செருப்புப் பெட்டி அளவில் சின்ன வண்டி. முன்னால் இரண்டு சிவப்பு விளக்கு, அடியில் இரண்டு சக்கரம். வெள்ளைத் தரையில் கறுப்புக் கோடு போட்டுவிட்டால், யாரும் ஓட்டாமல் கோட்டைப் பார்த்துக்கொண்டே தானாகப் போகும். கோடு பார்த்துப் போவதால் அதற்குக் கோடாங்கி என்று பேர் வைத்தார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இந்த மாதிரி வண்டிகளுக்குப் போட்டி வைத்திருந்தார்கள். துறைத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஏதாவது ஒரு பரிசு வாங்கினாத்தான் ப்ராஜெக்ட்டுக்கு மார்க். இல்லேன்னா இன்னொரு வருஷம் இங்கேயே இருங்க." இதைக் கேட்டு அந்த மூன்று பேரையும் விட அதிகமாகப் பயந்தவர் நூர்ஜகான் மேடம். அவர்தான் இவர்களுக்கு வழிகாட்டி. இன்னொரு வருஷம் இவர்களோடு இருப்பதை நினைத்தாலே அவருக்கு லேசாகத் தலை சுற்றியது.

"வண்டிக்கு சார்ஜ் போடுற பெட்டியத் தொட்டா சுருக்குங்குது. முதல்ல அதுக்கு எர்த் குடுங்க, அப்புறம் சார்ஜ் போடுங்க" என்று சொல்லிவிட்டு மேடம் வகுப்புக்குப் போனார்.

மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எர்த்துன்னா மண்ணுதானடா?" என்றான் மாதையன்.

"மண்ணுதான். அதுல என்னல சந்தேகம்?" என்றான் ஜெபஸ்டின்.

"எந்த மண்ணுன்னு மேடம் சொல்லலியே. செம்மண்ணா, களிமண்ணா?"

இது நியாயமான கேள்வி என்பதால் மூவரும் யோசித்தார்கள். கடைசியில் இளம்பரிதி சொன்னான், "பாசிட்டிவ் வயர் சிவப்பு. அதனால செம்மண்ணு."

ஹாஸ்டல் தோட்டத்திலிருந்து செம்மண் கொண்டுவந்து, கல் பொறுக்கி, சலித்து, பெட்டிக்குள் நிரப்பினார்கள். மண் காயக் கூடாதென்று லேசாகத் தண்ணீரும் தெளித்தார்கள். சார்ஜ் போட்டதும் ஹாஸ்டல் முழுக்கக் கரண்ட் போனது. சில நாள் கழித்து மேடம் வந்து பார்த்தபோது, பெட்டியின் காற்றோட்ட ஓட்டை வழியாக அரைக்கீரை முளைத்திருந்தது. மேடம் அதைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், தன் சொந்தக் காசில் புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மேடம் பேருந்து நிறுத்தம் வரைக்கும் வந்தார். "வண்டியக் குழந்தை மாதிரி பாத்துக்குங்க. போற வழியில பேட்டரி இறங்கிடுச்சான்னு அப்பப்பப் பாருங்க. நான் போன் பண்ணா எடுங்க" என்றார். சொன்ன பிறகு, இதை வேறு மாதிரி சொல்லியிருக்கலாமோ என்று அவர் முகத்தில் ஒரு கவலை வந்தது. அதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.

பேருந்தில் ஏறியதும் ஜெபஸ்டின் தன் கைலியை எடுத்து மேலே சாமான் வைக்கிற கம்பியில் தொட்டில் கட்டினான். கோடாங்கியைத் துண்டில் சுற்றி அதில் படுக்க வைத்து, இளம்பரிதி மெல்ல ஆட்டிவிட்டான். பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா. பிள்ளைகள் குழந்தையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வதைக் கண்டு அவருக்கு மனசு இளகிவிட்டது.

"என்ன குழந்தை கண்ணு?"

"கோடாங்கிங்க" என்றான் இளம்பரிதி.

"சாமி பேரா. எத்தனை மாசம்?"

"மூணு மாசம் ஆச்சுங்க. நல்லா நடக்குது."

"மூணு மாசத்துல நடக்குதா?"

"கோடு போட்டாத்தாங்க நடக்கும். இல்லேன்னா நின்னுக்கும்."

"பால் குடிக்குதா?"

"இல்லீங்க. கரண்ட்தான்."

அந்த அம்மா எழுந்து தொட்டிலை விலக்கிப் பார்த்தார். உள்ளே இரண்டு சிவப்பு விளக்கு அவரைப் பார்த்துச் சிமிட்டின.  அவர் துண்டைப் பழையபடி மூடினார், தன் பையை எடுத்துக்கொண்டு டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். கோயம்புத்தூர் வரைக்கும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மாதையன் மட்டும் உட்காரவில்லை. படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குகிறவர்களை ஒருத்தர் விடாமல் பார்த்தான். சங்ககிரி தாண்டியதும் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, உனக்கு யார் வேணும்?"

"பேட்டரி இறங்கிடுச்சான்னு பாக்குறேங்க."

"இறங்கிடுச்சா?"

"இன்னும் இல்லீங்க. உள்ளதான் இருக்கு."

"எங்க இறங்கணும்?"

"கோயம்புத்தூர்லதாங்க. ஆனா நடுவுல இறங்கிடும்னு எங்க மேடத்துக்குப் பயம்."

கண்டக்டர் பேட்டரி என்பது யாரோ வீட்டை விட்டு ஓடப் பார்க்கிற பையனின் பட்டப்பேர் என்று புரிந்துகொண்டார். அவருக்கும் ஒரு மகன் இருந்தான். "நீ கவலைப்படாத, நானும் பாத்துக்குறேன்" என்று சொல்லி, அதற்கப்புறம் இறங்கினவர்களையெல்லாம் "நீ பேட்டரியா?" என்று கேட்டே இறக்கிவிட்டார். பவானியில் ஒருத்தர் கோபித்துக்கொண்டார். மற்றபடி பேட்டரி இறங்காமல் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தது.

பேருந்து நிலையத்தில் ஒரு ஆட்டோக்காரரிடம் வழி கேட்டார்கள்.

"காலேஜுங்களா? இந்த ரோட்டுல நேராப் போங்க. எங்கயும் திரும்பாதீங்க. நேராப் போனா காலேஜுதானுங்க."

நேராகப் போனார்கள். சாலை கொஞ்ச தூரம் அவர்களோடு வந்தது. பிறகு இடது பக்கம் வளைந்துகொண்டு போய்விட்டது.

மூவரும் நின்றார்கள். எதிரே பந்தல் போட்டு, வாழை மரம் கட்டி, ஒரு கல்யாண மண்டபம்.

"ரோடு திரும்பிடுச்சே" என்றான் மாதையன்.

"ரோட்டுக்கு யாரும் வழி சொல்லலல. நமக்குத்தான் சொன்னாவ" என்றான் ஜெபஸ்டின்.

அது சரியாகத்தான் பட்டது. உள்ளே போனார்கள். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்தார்கள். நேராகப் போனால் மேடை. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நின்றார்கள். வேறு வழியில்லாமல் மேடை ஏறினார்கள். இளம்பரிதி கையில் துண்டில் சுற்றிய குழந்தையைப் பார்த்த போட்டோக்காரர், "குழந்தையக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க" என்றார். காட்டினார்கள். மாப்பிள்ளை இவர்கள் பெண் வீட்டுக்காரர்கள் என்று கும்பிட்டார், பெண் இவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்று கும்பிட்டாள்.

மேடைக்குப் பின்னால் போகிற நேரத்தில் பெண்ணின் அப்பா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிடாமப் போகக் கூடாதுங்க."

இதில்தான் சிக்கல் வந்தது. சாப்பிடாமல் போகக் கூடாது. ஆனால் சாப்பாட்டுக் கூடம் வலது பக்கம் இருந்தது. திரும்பவும் கூடாது. மூவரும் அங்கேயே குந்தி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"ரெண்டு பேரும் பெரியவங்க. யார் பேச்ச மீறுறது?" என்றான் இளம்பரிதி. அவன் குரல் நிஜமாகவே உடைந்தது.

பெண்ணின் அப்பா நல்ல மனுஷர். பிள்ளைகள் எதற்கோ கலங்குகிறார்கள் என்று கண்டு, மேடைக்குப் பின்னாலேயே இலை போடச் சொன்னார். இரண்டு இனிப்போடு சாப்பிட்டார்கள். பிறகு நேராக எழுந்து, சமையல்காரரின் ஏணியைக் கேட்டு வாங்கி, பின்சுவர் ஏறிக் குதித்தார்கள்.

குதித்த இடம் கல்லூரி மைதானம். சாலையைப் பிடித்து வந்த மற்ற அணிகள் வந்துசேர இன்னும் வெகு நேரம் இருந்தது. "ஆட்டோக்காரர் சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றான் மாதையன்.

போட்டி ஒரு பெரிய அரங்கத்தில் நடந்தது. தரையெல்லாம் வெள்ளை டைல்ஸ். நடுவே வெள்ளைப் பலகை விரித்து, கறுப்பு நாடாவால் வளைத்து வளைத்துப் பாதை ஒட்டியிருந்தார்கள். மேடையில் தலைமை விருந்தினர் நாச்சிமுத்து பேசிக்கொண்டிருந்தார். பம்ப்செட் தொழிலில் பெரிய ஆள். இந்தப் பேச்சை அவர் ஒரு மாதமாக வீட்டில் மனைவியை உட்கார வைத்துப் பேசிப் பழகியிருந்தார். பேச்சு தண்ணீரின் பிறப்பில் ஆரம்பித்திருந்தது. பம்ப்செட்டுக்கு இன்னும் வரவில்லை. நேரமாகிறதென்று, அவர் பேசப் பேசவே கீழே போட்டியை ஆரம்பித்துவிட்டார்கள்.

நடுவர் இவர்களிடம் வந்து சொன்னார், "விசில் அடிச்சதும் வண்டிய விட்டுடணும். அதுக்கப்புறம் என்ன ஆனாலும் வண்டி மேல கை வைக்கக் கூடாது."

"என்ன ஆனாலுமா சார்?" என்று மாதையன் உறுதி செய்துகொண்டான்.

"என்ன ஆனாலும்."

விசில் அடித்தது. கோடாங்கி கிளம்பியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, எல்லாம் பிசகாமல் போனது.  தாங்கள் சொன்னதை ஒன்று இவ்வளவு அப்படியே செய்து அவர்கள் பார்த்ததில்லை.

மூன்றாவது வளைவின் ஓரத்தில் மைக் வயர் கிடந்தது. கறுப்பு வயர், நல்ல தடிமன். கோடாங்கி நின்றது. நாடாவைப் பார்த்தது, வயரைப் பார்த்தது. வயர்தான் கறுப்பு அதிகம் என்று முடிவு செய்து, பலகையை விட்டு இறங்கிப் போய்விட்டது.

நாற்காலிகளுக்கு அடியில் புகுந்தது. மாணவர்கள் கால்களைத் தூக்கி வழி விட்டார்கள். மூவரும் பின்னால் போனார்கள். நடுவர் அவர்களுக்குப் பின்னால் ஓடினார்.

"புடிங்கப்பா அத."

"கை வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்" என்றான் இளம்பரிதி.

"இப்ப நான்தான் சொல்றேன், புடிங்க."

"என்ன ஆனாலும்னு நீங்கதான சார் சொன்னீங்க. இதுவும் அதுல ஒண்ணுதான?"

 "கால் வைக்கலாமான்னு கேளுல" என்று ஜெபஸ்டின் மாதையனிடம் சொன்னான். கால் என்பது கையில் சேருமா சேராதா என்று அவர்கள் நடந்துகொண்டே பேசினார்கள். கோடாங்கி அதற்குள் வயரின் மறுமுனைக்குப் போய், ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வருகிற பெட்டியில் முட்டியது. லூசாக மாட்டியிருந்த ப்ளக் கழன்று விழுந்தது.

"ஆகவே மாணவர்களே, மேகம் என்பது" என்றதோடு நாச்சிமுத்துவின் குரல் நின்றது.

 அரங்கத்தில் கைதட்டல் ஆரம்பித்தது. பின்வரிசையில் நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினார்கள். ஒரு பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்கைச் சரி செய்வதற்குள் நேரமாகிவிட்டதென்று நேராகப் பரிசளிப்புக்குப் போய்விட்டார்கள். நாச்சிமுத்து கையில் மீதிப் பேச்சோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாதையை விட்டுப் போன வண்டிக்குப் பரிசு கிடையாது. ஆனால் மாணவர்கள் "கோடாங்கி, கோடாங்கி" என்று விடாமல் கத்தினார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, ஆறுதல் பரிசு என்று அறிவித்தார்கள். அந்த நேரம் பார்த்து நூர்ஜகான் மேடம் போன் செய்தார். இளம்பரிதி, சொன்னபடி எடுத்தான். பேரை மைக்கில் கூப்பிடுவது மேடத்துக்கே நன்றாகக் கேட்டது. அவர் அந்தப் பக்கம் எதன் மேலோ பொத்தென்று உட்கார்ந்தார். "போதும்ப்பா. மார்க் போட்டுடலாம். இது போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூவரும் மேடை ஏறினார்கள். நாச்சிமுத்து கோப்பையை நீட்டினார். இளம்பரிதி கையை நீட்டவில்லை.

"சார், இது ஆறுதல் பரிசுங்களா?"

"ஆமா தம்பி."

"ஆனா எங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லீங்களே. நல்ல பஸ் கிடைச்சுது. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டோம். மார்க்கும் வந்துடுச்சு. வருத்தமே இல்லாம ஆறுதல எப்படிங்க வாங்குறது? அது ஏமாத்துறதாயிடுமே."

அறிவிப்பாளர் பெண் பதறி, "சும்மா வாங்கிக்கோங்க" என்று கிசுகிசுத்தாள்.

"இரு, வருத்தப்பட்டுப் பாப்போம்" என்றான் ஜெபஸ்டின். மூவரும் மேடையிலேயே கண்ணை மூடி நின்று வருத்தப்பட முயன்றார்கள். வரவில்லை. மாதையன் முகத்தைச் சுளித்துப் பார்த்தான். வரவில்லை. அரங்கம் காத்திருந்தது. எவ்வளவு முயன்றும் ஒரு சின்ன வருத்தம்கூட வரவில்லையே என்று நினைத்தபோது இளம்பரிதிக்குத் துக்கம் பொங்கிவிட்டது. அவன் அழுவதைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் அழுதார்கள். இப்போது கோப்பையை நியாயமாக வாங்கிக்கொண்டார்கள்.

வாங்கியதும் ஆறுதலாக இருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டார்கள்.

"எனக்குச் சரியாப் போச்சு" என்றான் மாதையன்.

"எனக்குந்தான்" என்றான் ஜெபஸ்டின்.

"அப்ப இனிமே இது நமக்கு எதுக்கு?" என்றான் இளம்பரிதி.

மூவரும் மேடையைச் சுற்றிப் பார்த்தார்கள். கையில் மீதிப் பேச்சை வைத்துக்கொண்டு நாச்சிமுத்து மட்டும் சோர்ந்துபோய் இருந்தார். மூவரும் அவரிடம் போனார்கள். இளம்பரிதி கோப்பையை அவர் மடியில் வைத்தான். ஜெபஸ்டின் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான். "மேகம் வரைக்கும் வந்துட்டீங்களே சார், அதுவே பெரிசு" என்றான் மாதையன்.

இவ்வளவு பரிவாக அவரிடம் யாரும் பேசி நாளாகியிருந்தது. அவர் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அறிவிப்பாளர் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையிலிருந்த தாளில் பழைய பேரை அடித்துவிட்டு, மைக்கைப் பிடித்துச் சொன்னாள்: "ஆறுதல் பரிசு பெறுபவர், நமது தலைமை விருந்தினர். அவருக்குப் பரிசை வழங்கி வாழ்த்துரை ஆற்றும்படி, நமது தலைமை விருந்தினரையே அன்போடு அழைக்கிறோம்."

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வலது கையால் கோப்பையைத் தன் இடது கைக்கு வழங்கினார், தனக்குத் தானே கை குலுக்கிக்கொண்டார், மைக்கை வாங்கி, தண்ணீரின் பிறப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.